பழைய காரும் ஏழாம் கட்டளையும்



எங்கள் பங்கில் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் இருந்தது. 2009-இல் பதிவு செய்த டீசல் வண்டி. எனக்கு முன்பிருந்த இரண்டு பங்குத்தந்தையர் ஓட்டி, பிறகு என் கைக்கு வந்தது. கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குப் போனதும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோனதும் அதில்தான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அதில்தான். இடதுபக்கக் கதவு கோயில் மதிலில் உரசி நெளிந்திருந்தது. முன் பம்பர் வளைந்த கதையைச் சொல்ல மாட்டேன். அதை ஓட்டியவன் நான். எங்கள் பங்குப் பேரவை இன்னும் அதை மறக்கவில்லை.

2024-இல் பதினைந்து ஆண்டு முடிந்தது. இனிமேல் ஓட்ட வேண்டுமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, வண்டி தகுதியானது என்று சான்று வாங்கிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் ஐயாயிரம் ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். பசுமை வரி தனி. பேரவையில் பேச்சு எழுந்தது. “பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்” என்றார் ஒருவர். பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “சாமி, 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. இப்ப அதுக்கு மவுசு இருக்கு. கொஞ்சம் செலவு செஞ்சு வித்தா அறுபதாயிரம் நிச்சயம்” என்றார். கூரை ஒழுகும் மறைக்கல்வி அறையை நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல உள்ளே இறங்கியது. கடற்கரைப் பங்கு எங்களுடையது. உப்புக் காற்று பதினைந்து வருடமாகத் தின்றிருக்கிறது. லாரிக்கு இருப்பதுபோல அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. அதன் உடலேதான் சட்டம். அது அரித்துப்போனால் மிச்சம் இருப்பது பெயிண்ட் மட்டும்.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க சாமி. தகடு வச்சு ஒட்டி, பட்டி பார்த்து, மேலே கறுப்பு அடிச்சுட்டா யாருக்கும் தெரியாது” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் அந்தத் “தெரியாது” என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

புனித தாமஸ் அக்வினாஸின் இறையியல் தொகுப்பைக் குருமடத்தில் படித்திருக்கிறேன். ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அதில் வாங்குவது, விற்பது பற்றி ஒரு பகுதி உண்டு. விற்பவர் தன் பொருளின் குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று அங்கே கேட்கிறார். கண்ணுக்குத் தெரியும் குறையை, உதாரணமாக ஒற்றைக்கண் குதிரையை, ஊர் அறிய அறிவிக்க வேண்டியதில்லை. விலையை உரிய அளவு குறைத்தால் போதும் என்கிறார். மறைந்திருக்கும் குறை வாங்குபவருக்கு நட்டத்தையோ ஆபத்தையோ தருமானால் சொல்லியே தீர வேண்டும். நொண்டிக் குதிரையை வேகக் குதிரை என்று விற்பது, இடியப்போகும் வீட்டை உறுதியான வீடு என்று விற்பது, கெட்டுப்போன உணவை நல்ல உணவு என்று விற்பது: இவை அவர் தரும் உதாரணங்கள். அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். நெளிந்த கதவு ஒற்றைக்கண் குதிரை, அடியில் இருக்கும் துரு நொண்டிக் குதிரை என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டி பார்க்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி வந்தார். மாமனாருக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று முறை நகரத்துக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியவில்லை. அவரை வண்டிக்கு அடியில் குனிய வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். புனித தாமஸ் சொன்னதைச் செய்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, “பரவாயில்ல சாமி. நாப்பதாயிரம் தர்றேன். வெல்டு வச்சு ஓட்டிக்கிறேன். பேர் மாத்துறதைப் பிறகு பார்த்துக்கலாம்” என்றார்.

இங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். குறையைச் சொல்லியாயிற்று, அவரும் சம்மதித்தாயிற்று. ஆனால் பின்சீட்டில் படுத்துவரப்போகும் அந்த மாமனார் சம்மதித்தாரா? எதிரே வரும் சைக்கிள்காரர்?

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். முட்டும் மாடு பற்றிய சட்டம் அங்கே இருக்கிறது. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்ல வேண்டும். உரிமையாளர் மேல் பழியில்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் பழி அவர் மேலும் வரும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒருவரின் மாடு இன்னொருவரின் மாட்டைக் கொன்றுவிட்டால், உயிரோடு இருக்கும் மாட்டை விற்று விலையை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். முட்டும் மாடு என்று தெரிந்திருந்ததா, அப்போது விற்பது பற்றிய பேச்சே அங்கு இல்லை. மாட்டுக்கு மாடு கொடுத்தே ஆக வேண்டும். இதை நான் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாதுதான். ஆனாலும் திருப்புளி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு, நானும் எச்சரிக்கப்பட்டவன்தான்.

நாட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது. வண்டியை விற்றாலும், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது பைக்கையோ காரையோ விற்றுப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், இந்த வாரமே போய் விசாரியுங்கள். இதைச் சொல்ல நான் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை.

தம்பியிடம் தர முடியாது என்றேன். அவருக்குக் கோபம். “உங்களுக்கென்ன சாமி, நீங்க வேற வண்டி வாங்கிடுவீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை.

பிறகு காயலான் கடைக்காரர் வந்தார். எடை போட்டு இருபத்தைந்தாயிரம் என்றார். “ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் குடுத்தா இன்னும் ஐயாயிரம்” என்றார். உடைக்கப்போகும் காருக்குப் புத்தகம் எதற்கு? செத்த வண்டியின் எண்ணும் புத்தகமும் திருட்டு வண்டிக்குப் புதுப் பெயராகிவிடும். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். பதிவும் முறையாக ரத்தாகும். அது எங்கள் ஊரிலிருந்து தூரம். இழுவை வண்டிக் கூலியும் ஆயிற்று. எல்லாம் போகக் கையில் வந்தது பதினெட்டாயிரம். பொருளாளர் கணக்கு நோட்டில் எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவரே அறைக்கு வந்தார். “சாமி, மறைக்கல்வி அறைக் கூரை அடுத்த மழைக்கும் ஒழுகட்டும். இந்தப் பணத்துல அந்தப் பெரியவருக்கு ஆட்டோ வச்சுக் குடுக்கலாமா?” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வரும்.

அடுத்த நாள் அந்தத் தம்பியின் வீட்டுக்கு நடந்தே போய்ச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார், கோபம் முழுதாகப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு மாசம் கழிச்சு என்ன சாமி செய்யறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை எங்கள் அன்பியக் கூட்டங்களில் வைத்திருக்கிறேன். இரண்டு குடும்பங்கள் இதுவரை கை தூக்கியிருக்கின்றன.