தீர்த்தனில் தூண்டில் போட

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் தீர்த்தன் என்றொரு சிற்றாறு. பெரிய இமாலய தேசியப் பூங்காவின் பனிமலைகளில் பிறந்து, லார்ஜி அருகே பியாஸ் நதியோடு சேர்கிறது. ஐரோப்பாவுக்குரிய பிரவுன் ட்ரவுட் மீனை ஆங்கிலேயர்கள் 1909 வாக்கில் குல்லுப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓடையில்தான் அது பிழைக்கும்.

இங்கே தூண்டில் போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மீன்பிடிக்கத் தடை. ட்ரவுட் சரளைக் கற்களுக்கிடையே முட்டையிடும் காலம் அது. கோடையில் பனி உருகியும், பின்பு மழையாலும் ஆறு கலங்கிவிடும். எனவே மார்ச், ஏப்ரல், அல்லது மழை ஓய்ந்த அக்டோபர் நல்லது. மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டும் அவசியம்.

ட்ரவுட்டுக்குப் போடும் செயற்கைப் பூச்சித் தூண்டிலில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிய கொக்கி, பூச்சிபோலத் தோற்றம் தரும். அதற்கு ஏறக்குறைய எடையே இல்லை. கனமான கயிறுதான் அதைச் சுமந்துபோய் நீரில் இறக்கும். அழகான வித்தை இது!

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்துவரும் இரைக்காகக் காத்திருக்கும். அதனால் அதன் பின்புறமாக, ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து, நிழல் விழாமல் நெருங்க வேண்டும். சிற்றோடைக்கு ஏழெட்டு அடிக் கோல் போதும். கரையோர மரக்கிளைகளில் சிக்காது.

பிடித்ததைத் திரும்ப விடுபவர்கள் முள்ளில்லாத கொக்கியை எடுத்துச் செல்லட்டும். கையை நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும்.