சேவையும் ஒரு கணக்குப் பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். இக்கல்லூரியில் அதன் முகாமில் மண்வெட்டி பிடித்தவன் நான். பின்னர் ஒரு மேல்நிலைப்பள்ளி ஆசிரியராக, அதே திட்டத்தைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நடத்தினேன். அந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

2019 ஜனவரி முதல் தேதி, தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. எங்கள் பிள்ளைகள் பழைய போர்வைகளைச் சேகரித்தார்கள். சந்தைக்குப் பக்கத்திலிருந்த தையற்கார அக்கா, 'சேவை' என்றதால் கூலி வாங்காமலே நூறு பை தைத்துத் தந்தார். சந்தையில் இலவசமாகக் கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம்!

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், பத்துப் பை கூடக் கண்ணில் படவில்லை. ஒரு கடையில் எண்ணெய் துடைக்கும் துணியாகக் கிடந்தது. பிள்ளைகளுக்கு முகமே வாடிவிட்டது. காய்கறி விற்கும் அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஓசியில வந்ததை எங்க வெச்சோம்னே ஞாபகம் இருக்காது. பத்து ரூபா குடுத்து வாங்கினா மடிச்சு இடுப்புல சொருகிக்குவோம். அதோட, உங்க பை ரொம்பப் பெருசு. கால் கிலோ கத்தரிக்காய்க்கு எதுக்கு இது?"

அன்றுதான் பாடம் ஆரம்பம். பிள்ளைகள் கடை கடையாகப் போய் விசாரித்தார்கள். அளவைக் குறைத்து, விலை பத்து ரூபாய் என்று வைத்தார்கள். "சார், சேவைன்னுட்டுக் காசு கேக்கலாமா?" என்று தயங்கியவர்களும் உண்டு. நூறு பையும் விற்றது. மொத்தம் 1,000 ரூபாய். வெட்டுத்துணிக்கு 300, நூல் முதலியவற்றுக்கு 100 போக, 600 லாபம் என்று கரும்பலகையில் எழுதினான் ஒரு மாணவன். ஒரே கைதட்டல்!

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அக்காவோட கூலி எங்கே சார்?" என்றாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. முதல் தடவை அந்த அம்மாள் இரண்டு நாள் பிழைப்பை விட்டுத் தைத்தார். அதை நானும் நினைத்துப் பார்க்கவில்லை. பைக்கு நான்கு ரூபாய் என்று போட்டோம். லாபம் 200 ஆகக் குறைந்தது. ஆனால் கணக்கு அப்போதுதான் சரியானது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, அக்கா முகக்கவசம் தைத்து விற்றார். விலையை அவரே போட்டார், எங்களைக் கேட்கவில்லை!

தொழில்முனைவு என்றால் பெரிய முதலீடு என்று நினைக்கிறோம். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தம் தெருவில் கரி போட்டு இஸ்திரி போடுபவரைக் கவனித்ததிலிருந்துதான் சூரிய சக்தி இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அதே ஆண்டில் டெல்லி அரசு, தன் பள்ளிகளின் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில் முயற்சிக்காகத் தலா 2,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பணம் தேவைதான். அதற்கு முன்னால் தேவை, பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைப் பார்க்கும் கண்.

நண்பர்களே, நம்மில் வங்கி அதிகாரிகள் இருக்கிறீர்கள், ஆடிட்டர்கள் இருக்கிறீர்கள், கடை முதலாளிகள் இருக்கிறீர்கள். நன்கொடை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பொருளாளர் என்னையே முறைத்துப் பார்க்கிறார்! கூடவே, மாதம் ஒரு நாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். "இதுல யாரோட கூலி விட்டுப்போச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாணவச் செல்வங்களே, அடுத்த முகாமில் நீங்களும் கேளுங்கள்.