கம்பியின் இருபுறமும்



விலங்குக் காட்சிச்சாலையில் புலியைக் கண்டு வியப்போர் பலர். அதனைப் பேணும் காப்பாளரை நினைப்போர் சிலரே. நாள்தோறும் இறைச்சி இடுபவர் புலிக்குத் தோழராகிவிடுவார் என்று சிலர் கருதுவர். நாயினம் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து பழகியது. புலியினமோ அவ்வாறு பழகியதில்லை. கையிலே வளர்ந்த குட்டியும் முதிர்ந்தபின் புலியே.

ஆதலின் இத்தொழிலின் முதற்பாடம் ஒழுங்காகும். விலங்குகளை உள்ளறையில் அடைத்து, தாழ்களைச் சரிபார்த்து, தலைகளை எண்ணிய பின்னரே காப்பாளர் திடலைத் துப்புரவு செய்யப் புகுவார்.

ஊசி போடுவதற்கு விலங்கை நெருக்குக் கூண்டில் அடைப்பது பழைய வழக்கம். இன்று பல காட்சிச்சாலைகளில், சீழ்க்கை ஒலியாலும் இறைச்சித் துண்டாலும் பயின்ற புலி, தானே வந்து கம்பியோரம் விலாவைச் சாய்க்கிறது. வர மறுப்பின் காப்பாளர் காத்திருப்பார்.

கம்பி நம்மை மட்டுமா காக்கிறது? 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் காட்சிச்சாலையில் பெண்புலியொன்றுக்குக் கொரோனா உறுதியானது; நோய்க்குறி தோன்றாத பணியாளரிடமிருந்தே அது தொற்றியதாகக் கருதப்பட்டது. 2021 ஜூனில் நம் வண்டலூரிலும் சிங்கங்கள் பலவற்றை அந்நோய் பற்ற, இரண்டு மாண்டன. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மருந்துநீரில் காலணியை நனைத்துக் காப்பாளர் உள்ளே செல்வது இக்காரணம் பற்றியே.

தடுப்பைத் தாண்டிக் கை நீட்டாதீர் என்று அவர் நம்மிடம் கூறும்போது, இருவர் உயிருக்காகவும் பேசுகிறார் என்பதை உணர்வோமாக.