புரைக்கேறும் மண்ணெண்ணெய்



திருகோணமலை மாவட்டம் எரிபொருளோடு வளர்ந்தது. பிரித்தானியர் கட்டிய சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்தழிந்தது. மாவட்டத்தின் தென்கோடியான வெருகலில் ஆபத்து மிகச் சிறிய கொள்கலனில் இருக்கிறது. மீன்வாடியிலும் குசினி மூலையிலும் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்த சோடாப் போத்தல்தான் அது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, கிடைத்த ஒவ்வொரு சொட்டையும் மக்கள் வீட்டுக்குள் பத்திரப்படுத்தினார்கள். தவழ்ந்து நடக்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் போத்தல் தண்ணீர்ப் போத்தல்தான்.

மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கேடு குறைவு. கொல்வது நுரையீரலில். நீரைப்போல ஓடும் இந்த எண்ணெய், விழுங்கும்போதோ சத்தி எடுக்கும்போதோ புரைக்கேறினால் மூச்சுச் சிற்றறைகள் வரை பரவி, அவற்றை விரிந்திருக்கச் செய்யும் படலத்தைக் கெடுத்துவிடுகிறது. ஒரு மில்லிலீற்றர் நுரையீரலுக்குள் போனாலே கடுமையான நுரையீரல் அழற்சி வரலாம். ஆகவே சத்தி எடுக்கவைப்பதைப்போலக் கொடிய முதலுதவி வேறில்லை. உப்புத் தண்ணீர், தேங்காய்ப்பால், தொண்டைக்குள் விரல் எல்லாம் பாசத்தோடு செய்யப்படுபவைதான். எல்லாமே பிள்ளையை இரண்டாவது தடவை புரைக்கேற வைப்பவை. எண்ணெய் பட்ட உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990 சுவசெரிய வண்டியை அழைப்பதே போதும்.

பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. கானுக்குள் குழாயை விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சுகிறார் வள்ளக்காரர். ஒரு மிடறு உள்ளே போய்விடுகிறது. இருமித் துப்பிவிட்டுக் கடலுக்குப் போகிறார். இரவில் காய்ச்சலும் நெஞ்சுநோவும் வருகின்றன. வைத்தியசாலையில் எண்ணெயைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. சாதாரண நிமோனியா என்று எழுதப்படுகிறது. இருமலோடு வரும் ஒவ்வொரு கடற்றொழிலாளரிடமும் எண்ணெயை வாயால் உறிஞ்சினாரா என்று கேட்டாக வேண்டும்.

இனி வைத்தியசாலை. வந்தவுடன் எடுத்த கதிர்ப்படம் தெளிவாக இருப்பதை நம்பிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆறு மணிநேரம் படுக்கையோரம் இருந்து மூச்சை எண்ண வேண்டும். விலா இடுக்கு உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, ஒட்சிசன் அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மணிநேரமும் அறிகுறியே இல்லாமல், அதன் பின் எடுத்த படமும் தெளிவாக இருந்தால் அனுப்பலாம். இரைப்பையைக் கழுவக்கூடாது. செயலூட்டிய கரி இந்த எண்ணெயைப் பிடிக்காது, சத்தியைத்தான் தூண்டும். ஸ்டீரொய்ட்டால் பயன் காணப்படவில்லை. முற்காப்பாக நுண்ணுயிர்கொல்லி கொடுப்பதாலும் பயனில்லை என்று கேப்டவுனில் பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் நாள் காய்ச்சல் பெரும்பாலும் எண்ணெயின் அழற்சியால் வருவது. ஒட்சிசன், மூச்சிழுப்புக்குச் சல்பியூட்டமோல், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம் ஆகியவைதான் சிகிச்சை.

வயல் நிறைந்த இந்தப் பிரதேசத்துக்கு ஓர் எச்சரிக்கை. கிருமிநாசினிகள் பல ஐதரோகாபன் கரைப்பானிலேயே கரைக்கப்படுகின்றன. எண்ணெய் மணத்தை மட்டும் நம்பினால் ஓகனோபொசுபேற்று நஞ்சு தப்பிவிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, நாடி மெதுவானால் அத்திரோப்பீன் உடனே வேண்டும். சந்தேகம் வந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கள்.

அடுத்தது நோயாளி இடமாற்றம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போக இறங்குதுறையில் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது வீதி உண்டு. ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு தொலைவுதான். மூச்சு வேகம் கூடத் தொடங்கும்போதே இடமாற்றத்தை முடிவு செய்யுங்கள். உதடு நீலமாகும்வரை காத்திருந்தால் வண்டியிலேயே பிள்ளையை இழக்க நேரிடும்.

கடற்றொழிலாளர் சங்கங்களிடம் கேட்பது ஒன்று: வாயால் உறிஞ்சுவதை நிறுத்த ஒவ்வொரு வாடிக்கும் ஒரு கைப்பம்பு வாங்குங்கள். குடும்பநல உத்தியோகத்தர்களிடம் கேட்பது இன்னொன்று: தடுப்பூசி அட்டையைப் பார்க்கப் போகும் வீட்டில், மண்ணெண்ணெய் எந்தப் போத்தலில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பதிந்து வாருங்கள்.