நடவு முதுகும் புனர்வாழ்வு மருத்துவமும்

(காவிரிப் பாசனப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மேட்டூர் அணையைத் திறப்பதற்கு ஜூன் 12 என்று ஒரு நாளை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். நீர் வருமுன் வாய்க்காலைத் தூர் வாருகிறோம். விதையை ஊற வைக்கிறோம். நாற்றங்காலுக்குச் சேறு கூட்டுகிறோம். ஆனால் நடவு நடப் போகின்ற உடம்பை ஆயத்தம் செய்வதற்கு மாத்திரம் நாள் குறிப்பாரைக் காணோம். வலி வந்த பின்னர் ஊசி போட்டுக் கொண்டு மறுநாளே வயலில் இறங்குவது பழக்கமாகி விட்டது.

தஞ்சைத் தரணியில் இன்று அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கின்றது. நடவு இயந்திரமும் வந்திருக்கிறது. எனினும் நாற்றுப் பறிப்பதும், நடுவதும், களை எடுப்பதும் பல ஊர்களில் இன்னும் பெண்களின் முதுகை நம்பியே நடைபெறுகின்றன. முதுகு மறுத்துவிட்டால் கூலி இல்லை. ஆகவே இதனை வெறும் மூப்பு நோயென்று தள்ளிவிடுதல் தகாது.

“நாள் முழுவதும் வயலில் பாடுபடுகிறோமே, எங்களுக்கு எதற்கு ஐயா தேகப் பயிற்சி?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுவதும் குனிந்து நிற்கும்போது முதுகின் தசைகள் பெரும்பாலும் வேலையை நிறுத்தி விடுகின்றன. உடலின் பாரத்தை எலும்புகளைப் பிணைக்கும் நார்களும், ‘டிஸ்க்’ என்று எல்லோரும் சொல்லும் இடைவட்டுகளும் தாங்க வேண்டியதாகிறது. நெடுநேரம் இழுபட்ட நார், நிமிர்ந்தவுடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அந்த நேரத்தில் நாற்று முடிகளைச் சுமந்து வரப்பில் நடந்தால் முதுகு பிடித்துக் கொள்கிறது. நடவு வேலை உழைப்புத்தான்; ஆயினும் முதுகுத் தசைக்கு அது பயிற்சி ஆகாது.

அறுவையின்றி, இழந்த ஆற்றலை மீட்டுத் தரும் துறைக்குப் புனர்வாழ்வு மருத்துவம் என்று பெயர். தமிழகத்தில் இத்துறை வேரூன்றிய வரலாற்றில் டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அம்மையாரை மறக்க இயலாது. 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று இத்துறையைக் கற்றுத் திரும்பினார். வேலூரில் 1966-இல் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கால் வழங்காதவரை மீண்டும் வாழ்க்கைக்குக் கொண்டுவர வளர்ந்த அதே முறைதான் மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் பயன்படுகிறது: எஞ்சியுள்ள வலிமையைப் பயிற்சியால் பெருக்குவது.

2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நாட்பட்ட இடுப்பு வலிக்கு அந்நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதலும் முறையான பயிற்சியும் முக்கிய இடம் பெற்றுள்ளன. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் முறையையும் வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாமென்றும் அது கூறுகிறது. பெல்ட்டுக்குச் செலவழிக்க எண்ணும் பணத்தை மிச்சப்படுத்திக் கொள்ளுங்கள் என்றே நானும் சொல்லுவேன்.

பயிற்சி என்றதும் மலைக்க வேண்டாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்துங்கள். ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். முழங்கால் வலியுள்ளோர் திண்ணையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி மடக்க வேண்டும். தொடையின் முன்தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமை குறையும். பத்து முறை, காலையும் மாலையும் போதும். தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சித்திரைக் கடைசியில் தொடங்கினால்தான் ஆனி நடவுக்குப் பலன் தெரியும். செய்யும்போது சிறிது வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலி மிகுந்திருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முதுகு பிடித்துக் கொண்டதென்று வாரக் கணக்கில் படுத்திருப்பது தசையை இன்னும் மெலியச் செய்யும்.

வயலிலும் ஒரு மாறுதல் தேவை. கால் மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து, இடுப்பில் கைகளை ஊன்றி, சற்றே பின்புறம் வளைந்து அரை நிமிடம் நில்லுங்கள். ஒப்பந்த நடவில் ஒருத்தி மட்டும் நின்றால் வரிசை அவளை விட்டுப் போய்விடும் என்பதை அறிவேன். ஆகையால் குழு முழுவதும் சேர்ந்து நிற்க வேண்டும்; நிலக்காரரும் இதற்கு இசைய வேண்டும். ஆறு மணி நேர வேலையில் இதற்குச் செல்வது மொத்தம் பன்னிரண்டு நிமிடமே! நாற்று முடிகளையும் ஒரே சுமையாகக் கட்டாமல் இரண்டு நடையாகக் கொண்டு செல்லலாம்.

வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலில் வியர்த்து, போதிய நீர் அருந்தாத உடலில் இம்மாத்திரைகளை நாள்தோறும் செலுத்தினால் சிறுநீரகம் கெடும். வயிற்றில் புண் உண்டாகும். பெயரில்லாப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பது வேறு, கடையில் கேட்டு வாங்கிப் பருவம் முழுவதும் விழுங்குவது வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்துள்ளது. நடமாட இயலாத முதியோர் வீட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

டிஸ்க் பிதுங்கியது என்று கேட்டவுடன் அறுவைதான் என்று கலங்க வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவையின்றியே வலி தணிகிறது. ஆனால் பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமற் போனாலும், மறைவிடத்தில் உணர்ச்சி மரத்தாலும், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தாலும் பயிற்சியை நம்பிக் காத்திருக்கலாகாது. அன்றைக்கே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ சென்றுவிடுங்கள்.