பலமனேரை எந்தத் தலைப்பில் தேடுவது?

சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் ஏறி வந்த நண்பர்களே, குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாக வந்த ஆசிரியப் பெருமக்களே, முல்பாகல் பக்கமிருந்து வந்திருக்கும் கன்னட நண்பர்களே, முன்வரிசையை நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் மாணவர்களே!

நாட்டு வரலாறும் ஆட்சியியலும் படிப்பவர்களுக்கு இணையத்தில் என்னென்ன கிடைக்கின்றன என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல், நாடாளுமன்ற மின்நூலகம், சட்டங்களுக்கு இந்தியா கோட், தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் என்று அந்தப் பட்டியல் உங்கள் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அதை நான் இங்கே படித்துக் காட்டப் போவதில்லை. பட்டியல் கையில் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பலமனேர் என்று தேடிப் பாருங்கள். யானை வரும், சுடுமண் பொம்மை வரும், பேருந்து நேரம் வரும். 1880களில் இந்த வட்டத்தின் நிலவரி என்ன, ஏரிகள் எத்தனை என்று கேட்டால் ஒன்றும் வராது. அந்தத் தகவல் இணையத்தில் இருக்கிறது. வேறு பெயரில் இருக்கிறது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் சீமை கும்பெனியார் கைக்குப் போனபிறகு இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். சித்தூர் மாவட்டம் என்று ஒன்று பிறந்தது 1911 ஏப்ரல் 1 அன்று. ஆகவே, 'சித்தூர் மாவட்டம், 1881' என்று தேடுகிற மாணவன் அன்றைக்கு இல்லாத ஒரு மாவட்டத்தைத் தேடுகிறான். அவன் திறக்க வேண்டியது காக்ஸ் எழுதி ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு. வெள்ளைக்காரன் நம் ஊர்ப் பெயரின் நடு 'அ'வை விழுங்கி 'பல்மனேர்' என்று எழுதிவைத்ததால், ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும். கூகுளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்சி வரலாறு தெரிந்துகொள்ள இணையத்துக்குப் போகிறோம். இந்த எல்லைப்புறத்தில் நிலைமை தலைகீழ். எந்த ஆண்டில் இந்த மண்ணை எந்த அரசு ஆண்டது என்பது தெரியாமல் இணையத்தின் கதவே திறக்காது.

நீதிமன்றத் தீர்ப்புகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. ஆனால் அதற்கான உயர் நீதிமன்றம் குண்டூரில் அமைந்தது 1954 ஜூலை 5 அன்றுதான். அதுவரை நம் வழக்குகள் சென்னைக்கே போயின. 1956 நவம்பர் முதல் ஐதராபாத், 2019 ஜனவரி முதல் அமராவதி. பலமனேர்க் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கு மூன்று தலைமுறை இழுத்திருந்தால் (இழுக்கக்கூடியதுதான்!) அதன் தீர்ப்புகளை நான்கு நீதிமன்றங்களின் தலைப்பில் தேட வேண்டும். சுசாந்த் சின்கா 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் தளத்தில் நீதிமன்றத்தையும் ஆண்டையும் குறித்துத் தேட வசதி உண்டு. அந்த வசதியைப் பயன்படுத்த, இப்போது நான் சொன்ன நான்கு தேதிகள் மனத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, இந்த மேடையில் கொஞ்சம் தயங்கித்தான் பேச வேண்டிய செய்தி. தமிழகத்தின் வடக்கெல்லைப் போராட்டம் பற்றித் தமிழ்ப் பக்கங்களைப் படித்தால் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் ஊர்களை மீட்ட கதை கிடைக்கும். தெலுங்குப் பக்கங்களைப் படித்தால் இழந்த கதை கிடைக்கும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தத்தம் கதையோடு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். எல்லைப் பிரச்சினையை ஆராய்ந்த படாஸ்கர் பரிந்துரைத்தபடி நாடாளுமன்றம் 1959இல் ஆந்திரப் பிரதேச, சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தை இந்தியா கோட் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, சட்டத்தின் பிரிவுகளோடு நின்றுவிடாதீர்கள், கடைசியில் இருக்கும் அட்டவணைகளுக்குப் போங்கள். அங்கே கிராமம் கிராமமாகப் பெயர் இருக்கிறது. திருத்தணிப் பக்கம் தெற்கே போன ஊர்களும், சத்தியவேடுப் பக்கம் வடக்கே வந்த ஊர்களும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. உங்கள் பாட்டியின் ஊர் அதில் இருக்கக்கூடும். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது என்பதை எந்த மேடைப் பேச்சும் அந்த அட்டவணை அளவுக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. 1959ஆம் ஆண்டு மக்களவை விவாதங்களையும் எடுத்துக்கொண்டால், பருவத் தேர்வுக்கு ஓர் ஆய்வேடே எழுதிவிடலாம்.

அந்த விவாதங்கள் நடந்தபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் யார்? திருச்சானூரில் பிறந்து, சித்தூரில் வக்கீல் தொழில் செய்த மா. அனந்தசயனம் அய்யங்கார். 1952இல் திருப்பதியிலிருந்தும் 1957இல் சித்தூரிலிருந்தும் மக்களவைக்குப் போனவர். மாவ்லங்கர் மறைந்தபின் 1956இல் சபாநாயகரானார். அதற்கு முன்பே அரசியல் நிர்ணய சபையில் ஓயாமல் எழுந்து பேசியவர். அந்தச் சபையின் விவாதங்கள் முழுவதும் இன்று நாடாளுமன்ற மின்நூலகத்தில் உண்டு; பெங்களூரிலுள்ள சட்டக் கொள்கை ஆய்வு மையம் நடத்தும் தளத்தில் பேச்சாளர் வாரியாகவும் தேடலாம். ஆனால் 'அய்யங்கார்' என்று மட்டும் போட்டால் காசுமீர்ப் பிரிவை வகுத்த கோபாலசாமி அய்யங்காரும் சேர்ந்து வருவார். சித்தூர்க்காரர் சொன்னதைக் கோபாலசாமி சொன்னதாக எழுதிவிடாமல் முழுப்பெயரைப் பாருங்கள்.

ஆட்சியியல் மாணவர்களுக்கு அந்த விவாதங்களில் ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வேன். 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். நவம்பர் 22 அன்று கே. சந்தானம் ஊராட்சிகளுக்காக ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் உறுப்பு. ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், மண்டலம் என்று தேர்ந்துகொண்டே போனால், நீங்கள் ஓட்டுப் போடப்போகும் ஊராட்சியின் திட்டமும் செலவும் திரையில் வரும். கால்வாய்க்கு என்று காட்டியிருக்கும் தொகையைப் பார்த்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்க் கால்வாயையும் பாருங்கள். 40ஆம் உறுப்பைப் பற்றி நான் வகுப்பில் சொல்ல முடியாததை அந்த நடை சொல்லிவிடும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். அரசமைப்புச் சட்டம் தமிழில் கிடைக்கிறது, தெலுங்கிலும் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் மொழிபெயர்ப்பாக வருகின்றன. தமிழ்வழியில் படிக்கும் ஒரு பெண்ணால் அரசியல் நிர்ணய சபை விவாதத்தை எளிதாகப் படிக்க முடியுமா? முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலும் பக்கங்களின் படமாகவே உள்ளன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலில் 'லை', 'னை' எல்லாம் துதிக்கையோடு நிற்கும். கணினி அவற்றைக் கண்டு தடுமாறுகிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறது என்கிறார்கள். வரட்டும். எந்தத் தொகுதி, எந்த நாள், எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேளுங்கள். சொன்ன பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அது இல்லாவிட்டால் அந்தப் பதிலை உங்கள் ஏட்டில் எழுதாதீர்கள்.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டம் மறுபடி பிரிந்தது. திருப்பதி தனி மாவட்டம்; மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது; பலமனேர் சித்தூரிலேயே நின்று வருவாய்க் கோட்டமானது. நாளைய மாணவனுக்கு இன்னொரு குழப்பத்தை நம் காலத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறோம். எனவே இரண்டு நாள் அமர்வுகள் முடிவதற்குள் ஒரு வேலை நடக்க வேண்டும். 1801 முதல் இன்றுவரை இந்த வட்டம் எந்த மாவட்டம், எந்த மாநிலம், எந்த நீதிமன்றம், எந்த எழுத்துக்கூட்டல் என்று காட்டும் ஒற்றைத் தாள் அட்டவணை வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் நான்கிலும் வேண்டும். தெலுங்குப் பகுதியைச் சித்தூர் நண்பர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கன்னடத்துக்கு முல்பாகல் நண்பர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. தேநீர் இடைவேளைக்குள் அவர்களைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.