மாதிரி விமானம் தரையிறங்குதல்

1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலே நிகோலா டெஸ்லா என்னும் அறிஞர் ஒரு சிறு படகை வானொலி அலைகளால் தொலைவிலிருந்து செலுத்திக் காட்டினார். மாதிரி விமானத்தை இன்று நாம் ஆள்வதும் அவ்வலைகளைக் கொண்டே. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. ஆதலின் தில்லியிலோ புனேயிலோ வாழும் நம் இல்லங்களில் பால்ஸா மரத்தகட்டைச் சீவிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காண்பது அரிதன்று.

விமானத்தை எழுப்புவது எளிது. இறக்குவதே அரிது. எங்கள் வீட்டில் கட்டிய முதல் விமானம் ஓடுபாதையை எட்டுமுன்பே தாழ்ந்துவிட்டது. பதற்றத்தில் மூக்கை நிமிர்த்தினோம். நிமிர்ந்தது, மறுகணமே ஓர் இறக்கை சாய்ந்து தலைகுப்புற வீழ்ந்தது. இரண்டு மாத உழைப்பில் மிஞ்சியவை இயந்திரமும் ஒரு சக்கரமுமே.

காரணம் யாது? மூக்கை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் வேகம் குறைகிறது. இறக்கையின் மேற்புறத்தை ஒட்டியோடும் காற்றும் பிரிந்துவிடுகிறது. தாங்கும் விசை திடீரெனக் குன்றுகிறது. இதனை 'ஸ்டால்' என்பர். ஆகவே இறங்கி வரும்பொழுது உயரத்தை இயந்திர விசையாலும், வேகத்தை வாலிலுள்ள 'எலிவேட்ட'ராலும் ஆளவேண்டும். தாழ்ந்து வருகிறதா? மூக்கை நிமிர்த்தாதீர்கள், விசையைச் சற்றே கூட்டுங்கள்.

எதிர்காற்றிலேயே இறக்கவேண்டும், தரையைத் தொடும் வேகம் அதனால் குறையும். விமானம் நம்மை நோக்கி வருகையில் அதன் வலம் நமக்கு இடமாகும். பழகியவர்களும் இங்கே தடுமாறுவர். எந்த இறக்கை தாழ்ந்து தோன்றுகிறதோ அந்தப் பக்கமே கோலைச் சாய்த்தால் அது நிமிர்ந்துவிடும்.

தரைக்கு ஓரிரு அடி உயரத்தில் விசையை முற்றும் தணித்து, மூக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். விமானம் மேலெழக் கூடாது. கீழே விழாமல் தாங்கும் அளவே போதும். வேகம் தேயத் தேய இறக்கையின் கீழுள்ள சக்கரங்கள் புல்லை மெல்லத் தொடும்.

ஐயம் தோன்றினால் விசையைக் கொடுத்து மீண்டும் ஒரு சுற்று வரலாம், அதில் வெட்கமில்லை. அதற்கென மின்கலத்தில் சிறிது ஆற்றலை மிச்சம் வைத்தே இறங்கத் தொடங்கவேண்டும். எங்கள் இரண்டாவது விமானம் மூன்றாம் சுற்றில்தான் தரையைத் தொட்டது.